கணக்கில் சேராத காய்ச்சல்

பூதலூரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் இருந்தது. சொந்தமாக ஒரு ஸ்கூட்டி இருந்தது. யார் எதைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்கம் சொல்லத் தயாராக ஒரு வாய் இருந்தது. வேலை என்னவென்றால், வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிப்பது. நம் நாட்டைப் போன்ற நாடுகளில் டைபாய்டு உண்மையில் எத்தனை பேருக்கு வருகிறது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அது தெரிந்தால்தான் தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது, எந்தத் தெருவின் குடிநீர்க் குழாயை முதலில் மாற்றுவது என்றெல்லாம் முடிவெடுக்க முடியும். அதற்காக நடந்த ஓர் ஆய்வில் பூதலூரைச் சுற்றியுள்ள சில தெருக்களை என் தலையில் கட்டினார்கள்.

முறை எளிமையானதுதான். வாரம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். மூன்று நாளாகக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் எங்கள் நர்ஸ் வந்து ரத்தம் எடுப்பாள். அந்தக் குப்பி தஞ்சாவூர் ஆய்வகத்துக்குப் போகும். ரத்தத்தில் டைபாய்டுக் கிருமி இருந்தால் அங்கே சில நாளில் அது வளர்ந்து முகம் காட்டும். காட்டினால் கணக்கில் ஒன்று கூடும். ஆனால் அதற்கு முன்பே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு வேளை விழுங்கியிருந்தால் கிருமி அடிபட்டுக் கிடக்கும், குப்பியில் வளராது. ஆளுக்குக் காய்ச்சல் இருக்கும், கணக்கில் இருக்காது.

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் பேராவூரணிக்காரி. கல்லணைக் கால்வாயின் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பதை எங்கள் வாய்க்காலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேலைக்கான நேர்காணலில் இந்த உதாரணத்தைச் சொன்னேன். அதனால்தான் வேலை கிடைத்தது என்று பல மாதம் பெருமையாக இருந்தேன். விண்ணப்பித்தவர்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஆய்வின் தலைவியான டாக்டரம்மா பிறகொரு நாள் சாதாரணமாகச் சொன்னார்.

முதல் சில வாரங்களில் என் தெருக்களில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. "காய்ச்சலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று எல்லா வாசலிலும் சொன்னார்கள். நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனேன். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் உச்சி வெயிலில் ஓர் அம்மாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் இருக்காம்மா?"

"இல்லம்மா."

"போர்வை போத்தியிருக்கீங்களே?"

"குளிருது."

"இந்த வெயில்ல ஏன் குளிருது?"

"மேலு காயுதுல்ல, அதான்."

அந்தத் தெருக்களில் மேலு காய்வது, அதாவது உடம்பு சுடுவது, வேறு; காய்ச்சல் வேறு. காய்ச்சல் என்றால் ஆளைக் கீழே தள்ளி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பாட்டில் ஏற்ற வைப்பது. நடவுக்குப் போய் வர முடிகிற வரைக்கும் அது வெறும் சூடு, இல்லையென்றால் அலைச்சல், இல்லையென்றால் கண் பட்டது. நானும் இதே ஜில்லாவில் பிறந்து இதே தமிழைப் பேசி வளர்ந்தவள்தான். படித்த படிப்பில் அது மறந்துபோயிருந்தது.

மறுவாரத்திலிருந்து "மேலு காயுதா?" என்று கேட்டேன். இப்போது ஆமாம் என்றார்கள். ரத்தம் எடுக்கலாமா என்றால்தான் பேச்சு மாறியது. "இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சிட்டுப் போயிட்டா, அது ஊற எத்தனை நாளாவும்?" என்றார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்து எலும்புக்குள் ரத்தம் எப்படி உற்பத்தியாகிறது என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்பார்கள். மோர் கொடுப்பார்கள். "நல்லா சொல்லுதும்மா இந்தப் பொண்ணு" என்று பக்கத்து வீட்டாரிடம் பாராட்டுவார்கள். கையை மட்டும் நீட்ட மாட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தங்களுக்கு டைபாய்டு வந்ததாகத் தாங்களாகவே சொன்னவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். ஏதோ ஒரு லேபில் அவசரப் பரிசோதனை செய்திருப்பார்கள். அந்தப் பரிசோதனை வேறு காய்ச்சலுக்கும், எப்போதோ வந்து போன காய்ச்சலுக்கும்கூடத் தலையாட்டிவிடும். அதை எங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. ஆக, வந்தது என்று சொன்னவர்களை நான் நம்பவில்லை. நிஜமாக வந்தவர்கள் என்னிடம் சொல்லவில்லை. நடுவில் நான் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் கோபமெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்காரர் மேல் திரும்பியது. காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும் அவர் ஒரு காகித உறையில் நாலு கலரில் மாத்திரை போட்டுக் கொடுப்பார். ஒருநாள் கடை நிறையக் கூட்டம் இருந்தபோது போய் நின்று பாடம் எடுத்தேன். அவருடைய பில் காகிதத்தின் பின்பக்கத்தில் கிருமியின் படமெல்லாம் வரைந்து காட்டினேன்.

"டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் குடுக்கலாமாண்ணே? ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி நீங்க மாத்திரையைக் குடுத்துட்டா, கிருமி எங்களுக்கு எப்படித் தெரியும்? அரைகுறையா சாப்பிட்டா மருந்துக்கே அடங்காத கிருமியா மாறிடும். பின்னாடி யாரு பொறுப்பு?"

அவர் கைகூப்பாத குறையாகக் கேட்டார். "அவங்கதான் கேக்குறாங்கம்மா. நாத்து பறிச்சுப் போட்டாச்சு, நாளைக்கு நடவு, இன்னைக்கே எந்திரிக்கணும்னு நிக்கிறாங்க. நான் என்ன பண்றது?"

"நீங்க முடியாதுன்னு சொல்லுங்க. என் நம்பரைத் தரேன். யார் வந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க."

அவர் என் நம்பரை வாங்கிக் கடைச் சுவரில் சாமி படத்துக்குக் கீழே பெரிதாக எழுதி ஒட்டினார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு எங்கள் ஆய்வைப் பார்வையிட வருவதாக இருந்தது. கள வேலையைப் பற்றி அவர்கள் முன்னால் பேசும் பொறுப்பை டாக்டரம்மா எனக்குக் கொடுத்திருந்தார். கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தலைவலி வந்தது. பேசிப் பேசி வந்த தலைவலி என்று நினைத்தேன். பிறகு வயிறு மந்தமானது. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. காலையில் கொஞ்சம் குறைந்து, மறு சாயங்காலம் முந்தைய நாளைவிட ஒரு படி ஏறியது. டைபாய்டுக் காய்ச்சல் படிப்படியாக ஏறும் என்று நானே எத்தனையோ பேருக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். எனக்கு ஏறியபோது மழையில் நனைந்ததால்தான் என்று முடிவு செய்தேன்.

நான் மாடியில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் வாசல் பக்கம் துணிக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி இருந்தார். கணவர் துபாயில். தெருவே அவரை லாத்தா என்று கூப்பிட்டது, அக்கா என்று பொருள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கஞ்சி கொடுக்க மாடிக்கு வந்தவர், பாத்திரத்தை நீட்டும்போது என் விரல் பட்டுத் துணுக்குற்றார்.

"என்ன புள்ள இது, அடுப்பு மாதிரி சுடுது! காய்ச்சலா?"

"காய்ச்சல் எல்லாம் இல்ல லாத்தா. லேசா மேலு காயுது."

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"ரத்தம் எடுத்துப் பாக்கலாம்ல? நீதானே ஊரெல்லாம் எடுக்கச் சொல்றே?"

"அதெல்லாம் எடுத்தா லீவு போடச் சொல்லுவாங்க லாத்தா. அடுத்த வாரம் வெள்ளைக்காரங்க வராங்க. நான்தான் பேசணும்." கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, என் வாழ்க்கையின் மிக மோசமான யோசனையைச் சொன்னேன். "ஒரு மாத்திரை பேரு எழுதித் தரேன். எனக்குன்னு சொல்லாதீங்க. உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லி வாங்கிட்டு வந்துருங்க."

லாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் போர்வைக்குள் சுருண்டு படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மருந்துக் கடைக்காரர்.

"மேடம், ஒரு கேஸு இருக்கு!" அவர் குரலில் அவ்வளவு உற்சாகம். "நீங்க குடியிருக்கிற வீட்லயே! கீழ் வீட்டு அம்மா வந்திருக்காங்க. அஞ்சாறு நாளா காய்ச்சலாம். ஆன்டிபயாடிக் பேரு எல்லாம் கரெக்டா எழுதிக் கொண்டாந்திருக்காங்க. யாரோ அரைகுறையாப் படிச்சது எழுதிக் குடுத்திருக்கு. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன். நர்ஸை அனுப்புறீங்களா?"

எனக்குப் பல் கிடுகிடுத்தது. "நல்ல காரியம் பண்ணீங்கண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"உங்க குரலு ஒரு மாதிரியா இருக்கே மேடம்?"

"மழைல்ல... சிக்னல் சரியில்ல."

பின்னால் லாத்தாவின் குரல் கேட்டது. "போனை இங்க குடுங்க. புள்ள, கேட்டுக்க. இவரு குடுக்க மாட்டேங்குறாரு. நான் எவ்வளவோ சொல்லிட்டேன். எனக்குக் காய்ச்சல்னு சொன்னா, நெத்தியைத் தொட்டுப் பாக்க நர்ஸை வேற வரச் சொல்றாரு. நான் பொய்யும் சொல்லி, ஜில்லுனு நெத்தியையும் காட்டணுமா? உனக்குத்தான்னு சொல்லிடவா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார். கடைக்காரர் போனைத் திரும்ப வாங்கினார். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், மாத்திரை ஏதும் சாப்பிட்டுடாதீங்க. கிருமி தெரியாமப் போயிடும்."

நர்ஸ் வந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். ஊசி போடும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா இருக்கும்" என்றாள்.

எறும்பு கடித்த மாதிரி இல்லை. நான் போட்ட சத்தத்தில் லாத்தா கடையை விட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்தார். குப்பியில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தபோது, சத்தியமாக, இது ஊற எத்தனை நாளாகும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எலும்பு, உற்பத்தி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் நிற்க முடியாமல் விழுந்தேன். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் படுக்கையில் கிடக்கும்போதே ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. கிருமி அமோகமாக வளர்ந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா கேட்டார். போன இடத்திலெல்லாம் காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய்க் குடித்தவள் நான். ஆனால் தஞ்சாவூருக்குக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வண்டிக்கடையில் பானிபூரி சாப்பிட்டேன். அதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. அறிவியல்படி அந்தப் பானிபூரிக்காரர் நிரபராதி.

பேராவூரணியிலிருந்து அம்மா ஒரு சாக்கு இளநீரோடு வந்து இறங்கினார். வந்ததும் என் நெற்றியைத் தொட்டார், அழுதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் ரகசியமாகக் கேட்டார்.

"டைபாய்டுன்னு வெளிய சொல்லிடாதீங்க டாக்டர். தை பொறந்தா பொண்ணு பாக்க வராங்க. சும்மா வைரல் காய்ச்சல்னு எழுதிடுங்களேன்."

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடுகளில் ஏன் காய்ச்சலே வருவதில்லை என்று போன மாதக் கூட்டத்தில்தான் நான் அரைமணி நேரம் பேசியிருந்தேன். மக்களின் அறியாமை என்று முடித்திருந்தேன். அந்த அறியாமை இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இளநீர் சீவிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுக் குழு வந்தது. நான் பேச வேண்டியதை நர்ஸ் பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து எனக்குச் சொன்னார்கள். நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று குழு விரும்பியது. அந்த வாரம் கைவசம் இருந்த ஒரே டைபாய்டு நோயாளி நான்தான். நைட்டியும் எண்ணெய் காணாத தலையுமாகக் கிடந்த என்னைச் சுற்றி எல்லாரும் வந்து நின்றார்கள். அம்மா ஆளுக்கொரு இளநீரைக் கையில் திணித்தார்.

குழுவில் மூத்தவர் ஆங்கிலத்தில், காய்ச்சல் வந்ததும் நோயாளி முதலில் என்ன செய்தார் என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் என்னிடம் தமிழில் கேட்டார்.

"காய்ச்சல் வந்ததும் மொதல்ல என்னம்மா பண்ணீங்க?"

"காய்ச்சல் இல்லைன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"மருந்துக் கடைல ஆன்டிபயாடிக் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்."

மொழிபெயர்ப்பைக் கேட்டு அவர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள். எங்கே போனாலும் மக்கள் இதைத்தான் செய்கிறார்கள், இதனால்தான் உண்மையான எண்ணிக்கை எங்கேயும் கிடைப்பதில்லை என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். இவ்வளவு தெளிவான உதாரணத்தை அவர்கள் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லையாம்.

அவர்கள் போன பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நான் கணக்குல வருவேன்ல மேடம்?"

"நீ எப்படி வருவே? ஆய்வுல வேலை பாக்குறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி."

"ஆனா கிருமி வளந்துச்சே!"

"வளந்துச்சு. உனக்கு வைத்தியம் பாக்குறதுக்கு அது போதும். கணக்குக்கு ஆவாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வாசல், எத்தனை மோர், எத்தனை விளக்கம். கடைசியில் என் கைக்குக் கிடைத்த சுத்தமான, மறுக்க முடியாத ஒரு டைபாய்டு, அதையும் சேர்க்க முடியாது என்றால்? காய்ச்சலில் பலவீனம், அழுகிறாள் என்று சொல்லி அம்மா இன்னோர் இளநீர் வெட்டினார்.

உடம்பு தேறி நான் பூதலூர் திரும்பியபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக் கடை வழியாகச் செய்தி எல்லாத் தெருக்களுக்கும் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. போன வாசலில் எல்லாம் உட்கார வைத்து விசாரித்தார்கள். எத்தனை நாள் காய்ந்தது, வயிறு எப்படி இருந்தது, ஊசி வலித்ததா. "வலிச்சுது, கத்திட்டேன்" என்று முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, போன மாதம் தன் மகனுக்கும் இப்படித்தான் என்றார் ஒருவர். இப்போதே உள்ளே படுத்திருக்கிறார் என்று மாமியாரைக் காட்டினார் இன்னொருவர். கை நீட்ட ஆரம்பித்தார்கள்.

எங்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. தலைமை அலுவலகத்திலிருந்து பதறிப்போய்க் கேட்டார்கள், பூதலூரில் கொள்ளைநோய் பரவுகிறதா என்று. இல்லை, நோய் முன்பும் இதே அளவில்தான் இருந்திருக்கும், இப்போதுதான் எங்களிடம் சொல்கிறார்கள் என்று நான் விளக்கம் எழுதினேன். காரணம் கேட்டார்கள். எனக்கு முடி கொட்டியதுதான் காரணம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கண்காணிப்பின் தரம் மேம்பட்டதே காரணம் என்று டாக்டரம்மா மாற்றினார்.

வாராவாரம் "இல்லம்மா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திவந்த ஒரு வீடு இருந்தது. ஒருநாள் அந்த வீட்டு அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கல்யாணம் நிச்சயமான மகள் பாயில் சுருண்டு கிடந்தாள். நாக்கில் வெள்ளை படர்ந்திருந்தது.

"பேரு வெளிய வராதுல்ல?" என்றார் அந்த அம்மா.

என்னிடம் இதற்கு ஒரு நீண்ட விளக்கம் தயாராக இருந்தது. வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, "வராதும்மா, நானாச்சு" என்று மட்டும் சொன்னேன். ரத்தத்தில் கிருமி வளர்ந்தது. சரியான மருந்து சரியான நேரத்தில் கொடுத்ததில் பெண் எழுந்துவிட்டாள். அந்த டைபாய்டு கணக்கில் சேர்ந்தது.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மாப்பிள்ளையின் அத்தைக்கு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார். எதிரே நின்று பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார், கையில் கரண்டியோடு.

"கூடப் படிச்சவ" என்றேன் அவசரமாக.

அத்தை மணமேடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். இருபது வயதுப் பெண். என்னைப் பார்த்தார். வகிட்டில் மண்டை தெரிய உட்கார்ந்திருந்தேன்.

"ஒரே வகுப்பா?"

"ஆமாங்க. நடுவுல சில வருஷம் பெயில் ஆயிட்டேன்."

அத்தையின் முகத்தில் அப்படி ஓர் இரக்கம். "பாவம். அதனால என்ன, எல்லாருக்குமா படிப்பு ஏறுது? இவளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் ஊத்துங்கம்மா" என்றார்.